வளைக்கு இரண்டு ரூபாய்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம்,
சாம்பல் குழாய் உடைந்து வெளுத்துப்போன கரையில்
நாற்பது பேர் நட்டோம் கண்டல் கன்று.
கயிறு கட்டி, மீட்டருக்கு ஒன்று,
கோடு போட்ட நோட்டு மாதிரி.

மூன்றாம் நாள் நீர் வற்றியபோது
ஏழாவது வரிசை முழுக்க வெறும் காம்புகள்.
கத்தரி வைத்ததுபோல், சாய்வாக, சுத்தமாக.
சூப்பர்வைசர் ஆல்பர்ட் தலையில் கை வைத்தார்.
"ஆடு பூந்துச்சா?"
இந்தச் சேற்றில் எந்த ஆடு வரும்.
சம்பூரணம்தான் குனிந்து ஒரு துளையைக் காட்டினாள்:
"தோ கீறாரு பாரு, மொதலாளி."

அதற்கப்புறம் வந்தது புது வேலை.
நண்டு வளையை அடைக்க வேண்டும், வளைக்கு இரண்டு ரூபாய்.
களிமண்ணை உருட்டி உள்ளே தள்ளி
குதிகாலால் மிதித்து, பக்கத்தில் ஒரு குச்சி.
சாயங்காலம் குச்சியை எண்ணிக் காசு.
முதல் நாள் எனக்கு நூற்று எண்பத்தாறு.

இரவில் நீர் ஏறி இறங்கியது. குச்சிகள் போயின.
காலையில் அத்தனை வளையும் திறந்து கிடந்தது,
வாசலில் அள்ளிப்போட்ட ஈர மண்ணோடு.
அடைத்தேன். திறந்தார்கள். அடைத்தேன்.
ஒரே வளைக்கு மூன்று முறை கூலி வாங்கியிருக்கிறேன்,
பொய் சொல்லவில்லை,
ஆல்பர்ட்டும் கேட்கவில்லை.

படியளக்கிறவரைக் கொஞ்சம் கவனிக்கத்தானே வேண்டும்.
மதியம் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
கவிழ்ந்த படகின் மேல் அசையாமல் இருந்தேன்.
முதலில் காம்பில் ஏறிய இரண்டு கண்.
பிறகு சிவந்த கொடுக்கு.
பச்சை இலை தலைக்கு மேலேயே தொங்குகிறது, தொடவில்லை.
உதிர்ந்த மஞ்சள் இலைக்காக நடந்தது
பக்கவாட்டில் பத்தடி,
நாரை நிழல் விழுந்ததும் ஓடி, மறுபடி வந்து,
காம்பைப் பிடித்து இழுத்தது.
இலை வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டது.
ஹவுசிங் போர்டு மாடிப்படியில் பீரோ ஏற்றுகிறவர்போல்
சாய்த்தது, திருப்பியது, உள்ளே போய்விட்டது.

உடனே தின்னாதாம்.
துவர்ப்பு இறங்க ஊறப்போட்டுத்தான் தின்னுமாம்.
சம்பூரணம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடைக்கப் போன ஒன்றில் கையை விட்டுப் பார்த்தேன்.
வளைக்குள் என் வளை போனது, முழங்கை போனது,
திரும்பி எங்கோ இறங்கியது, அடியே இல்லை.
வெளியே சேறு முழுக்கக் கறுப்பு, அழுகின முட்டை நாற்றம்.
வளைச் சுவர் மட்டும் துரு நிறம்.
காற்று போய்வந்த தடம்.
விரலில் தட்டியது ஒரு வேர், வெள்ளையாய், நூல் போல்,
அதுவும் அந்தச் சந்து வழியாகவே
கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
சாம்பல் கெட்டியாய்ப் படிந்த மேட்டில், வளையில்லாத இடத்தில்,
போன வருஷக் கன்று முழங்காலுக்கு வரவில்லை, இலை சுருண்டு.
வளை மொய்த்த ஓரத்தில் என் தோளுக்கு நின்றது.
நாலு நட்ட இடத்தில் ஒன்று.
மற்ற மூன்றை யார் கழித்தார் தெரியும்.
எந்த மூன்று என்று எப்படி முடிவு செய்தார், தெரியாது.

பார்வையிட வந்தார்கள் வெள்ளைக் காரில், ஆறு பேர்.
ட்ரோன் ஏறியதும் கரை சட்டென்று காலி,
ஒரு கால்கூட வெளியே இல்லை.
"வரிசை ஏன் கலைஞ்சிருக்கு?"
ஆல்பர்ட் என்னைப் பார்த்தார். நான் சம்பூரணத்தை.
அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.
கேட்டவரின் ஷூ ஒன்று
பதிலுக்குள் முழுசாய் இறங்கியிருந்தது.

நேற்றோடு வேலை முடிந்தது.
கடைசி நாள் எழுபது உருண்டை உருட்டினேன்,
எழுபது குச்சி நட்டேன்,
வளையே இல்லாத சாம்பல் மேட்டில்.
எண்ணினார்கள். நூற்று நாற்பது கொடுத்தார்கள்.
பஸ்ஸில் சம்பூரணம் கேட்டாள்,
"அந்தாண்ட ஏதுமே வளை?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
நகக்கண்ணில் துரு இன்னும் இருந்தது.